கெர்டாவின் பனைக்கு நான் போட்ட உப்பு

1

ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருடம் ஆகிறது. இதுவரை சிவப்பு விளக்கு எரியும்போது சாலையைக் கடந்ததில்லை. பயணச்சீட்டு இல்லாமல் ரயில் ஏறியதில்லை. குப்பையைப் பிரித்துப் போடுவதில் இந்தக் கட்டடத்துக்கே நான்தான் முன்மாதிரி என்று என் மனைவி சுமதி கேலி செய்வாள். அப்படிப்பட்டவன் போன குளிர்காலத்தில் ஒரு மரத்தைக் கொல்லப் பார்த்தேன். அதுவும் அடுத்தவர் மரம். நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன மரம்.

நேற்று அந்த மரத்தின் சொந்தக்காரர் எங்கள் கதவிடுக்கில் ஒரு தாளைச் செருகிவிட்டுப் போயிருந்தார். அதைப் படித்ததிலிருந்து இதை எழுதிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. ஊரில் இருப்பவர்கள் படித்துச் சிரித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்த எண்ணமும் கொஞ்சம் தெளியட்டும்.

2

அவர் பெயர் கெர்டா. எங்களுக்கு எதிர்வீடு. இந்த நகரத்தில் பேருந்து ஓட்டுகிறார். ஐம்பத்தாறு வயது, நல்ல உயரம், அதைவிடப் பெரிய குரல். மாடிப்படியில் அவர் "காலை வணக்கம்" சொன்னால் மூன்றாவது மாடிக்காரரும் பதில் சொல்வார்.

என்னை அவர் "ஹெர் ஏழுமலை" என்று கூப்பிடுவார். ஹெர் என்றால் திரு. என் பெயர் ஏழுமலை இல்லை, கதிர்வேல். ஏழுமலை என் அப்பா. ஊரில் அவர் பெயர் ஓர் எழுத்தாக என் பெயருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. இங்கே வந்ததும் அந்த எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். விரித்தேன். அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. அன்றிலிருந்து வங்கி, மின்சாரக் கட்டணம், பல் டாக்டர் என எங்கிருந்து கடிதம் வந்தாலும் "திரு. ஏழுமலை அவர்களுக்கு" என்றுதான் வருகிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. ஐந்து வருடம் முன்பு அப்பா இறந்த பிறகு எரிச்சல் போய்விட்டது. தபால்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவரை யாரோ விசாரிப்பதுபோல் இருக்கிறது.

அப்பா இறந்த சேதி வந்த நேரத்தில் என் விசா காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். இடைக்காலத்துக்கு ஒரு தாள் தருவார்கள். அது கையில் இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. அந்தத் தாளுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். அடுத்த இடம் மூன்று வாரம் கழித்துத்தான் இருந்தது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். நான் இங்கே மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

கெர்டா வேலை முடிந்து வந்தவர், என்ன ஏது என்று கேட்டார். மறுநாள் காலை சீருடையோடு என்னை அந்த அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். முன்பதிவு இருக்கிறதா என்று வாசலில் கேட்டவரிடம், "இவருடைய அப்பாவும் முன்பதிவு செய்யாமல்தான் இறந்துபோனார்" என்றார். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவே இல்லை. மதியத்துக்குள் ஓர் அதிகாரி, அவரும் நல்ல மனுஷி, எங்களை உள்ளே கூப்பிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொள்ளி வைத்தேன். அதை எனக்குக் கொடுத்தது கெர்டா. இதற்குப் பதில் செய்ய என்னிடம் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவர் பனையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

3

இந்த ஜனவரியில் கெர்டாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை. பேருந்து ஓட்டுகிறவருக்கு முட்டிதானே முதலில் போகும். அதற்குப் பிறகு ஐந்து வாரம் மலைப்பக்கம் ஒரு மருத்துவ விடுதியில் தங்கி நடை பழக வேண்டும். கிளம்புகிற அன்று வீட்டுச் சாவியையும் ஒரு தாளையும் என் கையில் கொடுத்தார்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஜன்னலைவிட்டுத் தள்ளி ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டியில் அந்தப் பனை நிற்கிறது. கெந்தியா என்று பெயர். வளைந்த ஓலைகள் கூரையைத் தொட்டுத் திரும்புகின்றன. கெர்டா பிறந்த அன்று அவருடைய அப்பா மருத்துவமனைக்குப் போகிற வழியில் பூ வாங்கக் கடைக்குள் நுழைந்தாராம். பூ இரண்டு நாளில் வாடிவிடும் என்று ஒரு சாண் உயரப் பனங்கன்றை வாங்கிக்கொண்டு வந்தாராம். அப்பா போய் இருபது வருடம் ஆகிவிட்டது. "எனக்கும் இதுக்கும் ஒரே வயசு. எனக்குத்தான் முட்டி போச்சு" என்று சொல்லிவிட்டு டாக்சி ஏறினார்.

தாளில் ஏழு குறிப்புகள். பத்து நாளைக்கு ஒரு தடவை இரண்டு குவளை தண்ணீர். ஹீட்டர் பக்கம் நகர்த்தக் கூடாது. ஜன்னல் திறந்தால் குளிர்காற்று படாமல் தள்ளி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கால் வட்டம் திருப்ப வேண்டும். ஓலைகளை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். குளிர்காலத்தில் எந்த உரமும் வேண்டாம். ஏழாவது: விருப்பமிருந்தால் அதனுடன் பேசலாம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் ஊரில் ஏரிக்கரை முழுக்கப் பனை. யார் துடைத்தார்கள், யார் திருப்பினார்கள்? பேச்சு என்று பார்த்தால், நுங்கு வெட்ட ஏறுகிறவன் எறும்பு கடித்தால் பேசுகிற பேச்சுதான். மரக்காணம் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிற என் தங்கை செல்விக்கு வீடியோவில் காட்டினேன்.

"இன்னாண்ணா இது, வூட்டுக்குள்ள மரத்த வெச்சிக்கினு கீறாங்க? காத்து வாணாமா அதுக்கு?"

"கண்ணாடி வழியா வெயில் வரும்."

"எங்க வருது? அங்க இருட்டா இல்ல கெடக்குது" என்றாள். இங்கே மணி மதியம் இரண்டு.

4

நான்காவது நாள் துடைக்கப் போனபோது கீழ் ஓலை ஒன்று வெளுத்திருந்தது. குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவதால் அப்படி ஆகும் என்று இப்போது தெரியும். அன்று தெரியாது. ஆனால் தெரியாது என்பது தெரியவில்லை, அதுதான் வினை.

எங்கள் பக்கத்தில் வீட்டில் பிள்ளை பிறந்தால் பின்பக்கம் ஒரு தென்னம்பிள்ளை வைப்பார்கள். குழி வெட்டி, மணல் போட்டு, அதன்மேல் கல்லுப்பைக் கொட்டித்தான் கன்றை நடுவார்கள். நான் பிறந்தபோது அப்பா சைக்கிளில் மரக்காணம் உப்பளத்துக்குப் போய், ஓலை வேய்ந்த குவியலிலிருந்து ஒரு பை உப்பு வாங்கி வந்து குழியில் போட்டாராம். அந்த மரம் இன்றும் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் செல்வியின் மரம். வளர்ந்த பிறகும் மரம் சோர்ந்து தெரிந்தால் அப்பா தூரைச் சுற்றி இரண்டு கை உப்பு இறைப்பார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, வெளுத்த ஓலையைக் கண்டதும் வேறென்ன தோன்றும்?

உப்பும் வீட்டிலேயே இருந்தது. ஊறுகாய்க்கு ஊர் உப்புதான் வேண்டும் என்று சுமதி ஒவ்வொரு தடவையும் பெட்டியில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வருவாள். மரக்காணம் கல்லுப்பு.

"ஏங்க, அந்தம்மா எழுதிக் குடுத்ததுல உப்பே இல்லியே" என்றாள் சுமதி.

"உரம் வேணாம்னுதான எழுதியிருக்காங்க? உப்பு உரமா?"

"போன்ல ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுங்க."

"தென்ன வெச்ச வூட்ல பொறந்தவன் நான். பனைக்கு என்னா போடணும்னு ஒரு பஸ் டிரைவர கேக்கணுமா?"

இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டேன். கரையட்டும் என்று நான்கு குவளை தண்ணீரும் ஊற்றினேன். அப்பாவைப்போல் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. பட்ட நன்றிக்கடனுக்குக் கொஞ்சம் திருப்பிச் செய்துவிட்டதாக நினைத்தேன்.

5

கெர்டா ஞாயிறுதோறும் போன் செய்வார். முதல் ஞாயிறு "மரம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டபோது "நன்றாக இருக்கிறது" என்றேன். அது உண்மைதான். இரண்டாவது ஞாயிற்றுக்குள் ஓலை நுனிகள் எல்லாம் காப்பிப்பொடி நிறமாகியிருந்தன. நடுவே ஈட்டிபோல் நிற்கிற குருத்து லேசாகச் சாய்ந்திருந்தது. அன்றும் "நன்றாக இருக்கிறது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

என் மகள் இனியாவுக்கு ஒன்பது வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிற வயது. மூன்று வருடமாக அப்படித்தான். தமிழ் புரிகிறது, ஆனால் வாயில் வருவதில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போவதற்கு அழுகை. பனை காய்வதைப் பார்த்துவிட்டு அவள்தான் ஏதோ படித்துப் பார்த்து, தொட்டிச் செடிக்கு உப்பு விஷம் என்று எனக்கு ஜெர்மனில் விளக்கினாள். நான் கார் எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வெளியே இருக்கிற பெரிய செடிக்கடைக்குப் போனேன். அதே உயரத்தில் ஒரு கெந்தியா இருந்தது. வாங்கி, மாற்றி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றேன்.

ஆனால் கெர்டாவின் பனையில் தண்டின் அடியில் ஒரு மெல்லிய பித்தளைத் தகடு, ஒரு கம்பியில் தொங்குகிறது. அதில் அவர் அப்பா ஆணியால் கீறிய எழுத்தில் "கெர்டா" என்று இருக்கிறது. அந்தத் தகட்டைக் கழற்றி வேறொரு மரத்தில் மாட்டுகிற என் கையை நினைத்துப் பார்த்தேன். வெறுங்கையோடு திரும்பி வந்து செல்விக்குப் போன் போட்டேன்.

அவள் ஓலையைப் பார்த்தாள். நான் உப்பைச் சொன்னேன். ஒரு நிமிடம் போனில் கோழி சத்தம் மட்டும்தான் கேட்டது.

"ஏண்ணா, உனுக்கு மூள கீள எதுனா இருக்குதா? தென்ன கடக்கரையில கெடக்குற மரம், அது உப்ப தாங்கும். இது எந்தூரு புள்ளையோ, அதுக்கு என்னா ஒத்துக்கும்னு உனுக்குத் தெரியுமா?"

"இப்ப என்னா பண்றது செல்வி? இத காப்பாத்தலன்னா அந்தம்மா மூஞ்சில முழிக்க முடியாது."

"அழுவாத. எங்க கழனியில கடத்தண்ணி பூந்துச்சே, மறந்துட்டியா? மழத்தண்ணிய வரப்பு கட்டி நிறுத்திக்கினு, உப்பு கரையட்டும்னு வெச்சிருந்து, ஒரேடியா வடிய வுட்டோம். மூணு தபா. அதுக்கப்புறந்தான் மல்லாட்ட மொளச்சிது. தொட்டிக்கு அடியில ஓட்ட இருக்குதா பாரு."

பார்த்தேன். பீங்கான் தொட்டிக்குள் ஓட்டை போட்ட இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. அதைத் தூக்கினால், பீங்கானின் அடியில் நான் ஊற்றிய உப்புத்தண்ணீர் அப்படியே தேங்கி நிற்கிறது. இரண்டு வாரமாக மரம் அதில் காலை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"அத மொதல்ல கொட்டு. மேல்மண்ண சொரண்டி எடுத்துடு, வேர தொடாத. அப்புறம் மழத்தண்ணியா ஊத்து. கொழாத்தண்ணி வாணாம். ஜல்தி பண்ணு. திருவக்கரையில மரமெல்லாம் கல்லாயிக் கெடக்குது, அந்தம்மா வந்து பாக்கறதுக்குள்ள இது உப்பாயிடப் போவுது."

6

மழை இல்லை. வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனிதான் கிடந்தது. நானும் சுமதியும் இனியாவும் வாளி, அண்டா, மாவு டப்பா என்று வீட்டில் இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பனியை அள்ளினோம். மூன்றாவது மாடிக்காரர் பால்கனியிலிருந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "எதற்கு?" என்று கேட்டார். "மரத்தைக் குளிப்பாட்ட" என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஓர் அண்டா பனி உருகினால் கால் அண்டா தண்ணீர்தான் தேறும். எத்தனை தடவை படி ஏறி இறங்கினோம் என்று தெரியாது. உருகிய தண்ணீரை அறைச்சூட்டுக்கு வரும்வரை வைத்திருந்தோம். கெர்டாவின் குளியல் தொட்டிக்குள் பனையைத் தூக்கி வைத்தோம். ஓலைகள் குளியலறைக் கூரையில் மடங்கி நின்றன. மெல்ல மெல்ல ஊற்ற, அடியிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் வடிந்தது. செல்வி போனில் இருந்தபடியே அதிகாரம் செய்தாள். அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னாள்.

முதல் தடவை கரித்தது. இரண்டாவது தடவையும் கரித்தது. மூன்றாவது தடவை இனியா முந்திக்கொண்டு விரலை நீட்டினாள். நாக்கில் வைத்து, முகத்தைச் சுளிக்காமல் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"இனிமே அது பாடு, சாமி பாடு" என்றாள் செல்வி. "பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கரகாளி கோயிலுக்குப் போறேன். உனுக்குன்னு வேண்டிக்கல, அந்த மரத்துக்குன்னு வேண்டிக்கறேன்."

7

மூன்றாவது ஞாயிறு. போன் ஸ்பீக்கரில் இருந்தது. கெர்டா தன் முட்டியைப் பற்றிச் சொன்னார். இரண்டு மாடி ஏறினாராம். பிறகு வழக்கம்போல், "என் மரம் எப்படி?"

"நன்றாக..." என்று ஆரம்பித்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த இனியா தலையைத் தூக்கினாள். "அப்பா, பொய் சொல்லாத" என்றாள். தமிழில்.

மூன்று வருடமாகத் தமிழில் வாயைத் திறக்காத பிள்ளை. ஜெர்மனில் சொல்லியிருந்தால் கெர்டாவுக்குப் புரிந்திருக்கும், நான் அசிங்கப்பட்டிருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் கண்டிக்க வேண்டும் என்றால் எந்த மொழியில் பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழ் போய்விட்டது என்று நான் எத்தனை நாள் புலம்பியிருக்கிறேன். அது எங்கேயும் போகவில்லை. வேண்டிய இடத்துக்காக வைத்திருந்தாள்.

சொல்லிவிட்டேன். உப்பு, இரண்டு கை, வாடிய குருத்து, நன்றாக இருக்கிறது என்று சொன்ன பொய், பனித்தண்ணீர், எல்லாம். பதற்றத்தில் என் ஜெர்மன் உடைந்து உடைந்து வந்தது.

"உப்பா? எதற்காக?" என்றார் கெர்டா.

பிள்ளை பிறந்தால் மரம் வைப்பதைச் சொன்னேன். குழியில் உப்பு போடுவதைச் சொன்னேன்.

"உங்களுக்கும் அப்படி ஒரு மரம் இருக்கிறதா?"

"இருக்கிறது. அப்பா வைத்தது."

"அதற்கும் உப்பு போட்டாரா?"

"சைக்கிளில் போய் வாங்கி வந்து."

பிறகு அந்தப் பெரிய குரலில் சிரிப்பு வந்தது. "என் அப்பா ஞாயிற்றுக்கிழமை தான் குடிக்கிற பீரில் ஒரு வாய் அதற்கும் ஊற்றுவார். அம்மா திட்டுவாள். அதையெல்லாம் தாங்கிய மரம்." சிரிப்பு நின்றது. "உப்புக்கு எனக்குக் கோபம் இல்லை, ஹெர் ஏழுமலை. போன வாரம் நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்களே, அதற்குக் கோபம்."

"மன்னியுங்கள்" என்றேன்.

8

ஐந்து வாரம் முடிந்து ஊன்றுகோலோடு வந்து இறங்கிய கெர்டா எங்களைப் பார்க்கவில்லை. நேராக மரத்திடம் போனார். பதினோரு ஓலையில் நான்கை வெட்டியிருந்தோம். மிச்சத்தை விரலால் எண்ணினார். குருத்தின் நுனியைத் தொட்டார். அது சாய்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் சாவியை நீட்டினேன்.

"உங்களிடமே இருக்கட்டும்" என்றார். "முட்டி இன்னும் சரியாகவில்லை. நான் விழுந்தால் யார் வந்து தூக்குவது?"

மே மாதம் குருத்து விரிந்தது. கெர்டா கதவைத் தட்டிக் கூப்பிட்டுக் காட்டினார். ஓலை ஒரு பக்கம் கோணலாக, நுனி கருகி, ஆனால் பச்சையாக இருந்தது. நான் அழுதேன். செல்விக்குக் காட்டினேன். "பாத்தியா, காளியம்மாளுக்குக் கடல் தாண்டியும் கேக்குது" என்று அவள் கற்பூரம் ஏற்றக் கிளம்பிவிட்டாள்.

கெர்டா அடுத்த வாரம் கடற்கரைக்கு விடுமுறை போகிறார், இரண்டு வாரம். நேற்று வந்த தாள் அதற்குத்தான். பழைய ஏழு குறிப்புகள் அப்படியே இருக்கின்றன. எட்டாவதைப் பச்சை மையில் புதிதாக எழுதியிருக்கிறார்: "உப்பு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாய் பீர், என் அப்பா ஞாபகமாக."

தாளின் தலைப்பில் "ஹெர் ஏழுமலைக்கு" என்று இருந்தது. சென்னையைத் தாண்டிப் போகாத என் அப்பாவின் பேருக்கு எழுதி, இந்தப் பெண்மணி தன் அப்பாவின் மரத்தை மறுபடியும் எங்களிடம் விட்டுவிட்டுப் போகிறார்.